பூட்டிய ஏடும் பொது ஏடும்

உடைமை இல்லாத இடத்தில் ஊக்கம் இராது என்பது முதலாளித்துவத்தின் பழைய மந்திரம். வயலையும் ஆலையையும் பற்றி ஓதப்பட்டு வந்த அம்மந்திரம் இன்று அறிவின் மீதும் ஓதப்படுகின்றது. கணினிக்குரிய செய்நிரல்களை எழுதுவோர் அவற்றின் மூலநிரலைப் பூட்டி வைத்து, பயன்படுத்தும் உரிமையை மாத்திரம் விலைக்கு விற்றாற்றான் அத்துறை வளரும். மூலநிரலைத் திறந்து வைத்து எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்று விடுவது ஓய்வு நேர விளையாட்டு. இவ்வாறு கற்றோர் பலர் கூறக் கேட்கின்றோம். நிலம் உழுபவனுக்கே என்று மேடையில் முழங்கும் நண்பர்கள் சிலரும் ஆசிரியர் ஓய்வறையிலே இதற்குத் தலையசைக்கின்றனர். வேறு சிலரோ, கணினி ஏகபோக முதலாளிகளின் கருவி, அதிலே நமக்கு என்ன வேலை என்று ஒதுங்கி விடுகின்றனர். முன்னவர் எதிரியின் வாதத்தை இரவல் பெற்றவர். பின்னவர் களத்தையே எதிரிக்கு விட்டுக்கொடுத்தவர். இருவர் கூற்றையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குச் சான்றாக, அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக உயிர்வாழும் ஒரு செய்நிரல் மொழிக் குடும்பத்தை எடுத்துக்கொள்கின்றோம். அதன் பெயர் லிஸ்ப்.

தமிழ் கற்பிக்கும் நமக்கு இவ்விடயத்திற் புகுவதற்கு என்ன தகுதி என்று வினவலாம். வழக்கு மொழியைப் பற்றியது. ஒரு மொழியிலே பலர் கூடி ஆக்கியவற்றை ஒருவர் தம் பெட்டியிற் பூட்டி வைக்கலாமா என்பதே வினா. ஏட்டுச் சுவடிகளின் வரலாற்றைப் படித்த எவருக்கும் இது புதிய வினாவன்று.

1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே ஜோன் மக்கார்த்தி என்னும் கணிதவியலாளர் லிஸ்ப் மொழியை உருவாக்கத் தொடங்கினார். 1960இல் அதனை விளக்கும் அவரது ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அக்காலக் கணினிகள் பெரும்பாலும் எண்களைக் கூட்டவும் பெருக்கவுமே பயன்பட்டன. மக்கார்த்தியோ குறியீடுகளைக் கையாளும் மொழியொன்றை நாடினார். ஒரு வாக்கியத்தை, ஒரு சமன்பாட்டை, ஒரு தருக்க வாதத்தைக் கணினி பகுத்து ஆராய வேண்டும் என்பது அவர் வேட்கை. இதற்கு அவர் கண்ட அமைப்பு மிக எளியது. இரண்டையும் மூன்றையும் கூட்ட வேண்டின், அடைப்புக்குறிக்குள் முதலிற் கூட்டற் குறியையும் பின்னர் அவ்விரு எண்களையும் பட்டியலாக எழுதினாற் போதும். தரவும் பட்டியல், அத்தரவைக் கையாளும் செய்நிரலும் பட்டியல். ஆகவே, லிஸ்பில் எழுதிய ஒரு செய்நிரல் வேறொரு செய்நிரலை வாசிக்கவும் மாற்றவும் புதிதாக ஆக்கவும் வல்லதாயிற்று. லிஸ்பைப் பொருள்கொள்ளும் விதிகளை லிஸ்பிலேயே சுருக்கமாக எழுதிக் காட்டினார் மக்கார்த்தி. தாளில் இருந்த அவ்விதிகளை ஐ.பி.எம். 704 என்னும் இயந்திரத்தில் இயங்க வைத்தவர் அவருடன் பணியாற்றிய ஸ்ரீவ் ரசல்.

தொல்காப்பியம் தமிழின் இலக்கணத்தைத் தமிழிலேயே கூறுவது போல என்று எமது மாணவருக்கு இதனை விளக்குவது வழக்கம். ஆயின் லிஸ்ப் அதனினும் ஒரு படி மேலே சென்றது. இலக்கணத்தை விரிக்கும் உரிமையையும் அது எழுதுவோனிடமே கொடுத்தது. புதியதொரு வாக்கிய அமைப்பு வேண்டுமாயின் அவனே அதனை ஆக்கிக்கொள்ளலாம். ஒரு மொழியாக நின்றுவிடாது அது குடும்பமாகப் பெருகியமைக்கு இதுவும் ஒரு காரணம். 1975இல் ஸ்கீம் தோன்றிற்று. சிதறிக் கிடந்த கிளைகளை ஒன்றிணைத்த கொமன் லிஸ்ப் 1984இல் நூல்வடிவில் வரையறுக்கப்பட்டு 1994இல் அமெரிக்கத் தேசிய நியமமாயிற்று. 2007இல் குளோஜர் வந்தது. தாய் ஒன்று, பிள்ளைகள் பலர், அடைப்புக்குறியைக் கண்டால் எவரும் உறவை அறிந்துகொள்வர்.

இவ்வளவுக்கும் முதல் இட்டவர் யார்? தனியார் துறையின் ஊக்கமே எல்லாவற்றுக்கும் மூலம் என்போர் இவ்விடத்தில் மௌனமாகி விடுகின்றனர். மசாசூசெற்ஸ் நிறுவகத்தின் செயற்கை நுண்மதி ஆய்வுகூடத்தை 1960களிலும் 1970களிலும் பெரிதும் தாங்கி நின்றது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சி முகவரகம். அது கெடுபிடிப் போர்க்காலச் செலவின் ஒரு கூறு. அந்நோக்கத்தை நாம் போற்றுபவரல்லர். நாம் கூறுவது இது மாத்திரமே: வரி செலுத்திய மக்களின் பணத்தில், சம்பளம் பெற்ற ஆய்வாளரும் மாணவரும் கூடி உழைத்து ஆக்கியது லிஸ்ப். சந்தை அதனைப் பெறவில்லை. சந்தை பின்னர் வந்தது. வந்து வேலி போட்டது.

அவ்வேலியின் கதையைச் சற்று விரிவாகக் கூற வேண்டும்.

1974 முதல் அவ்வாய்வுகூடத்தில் றிச்சாட் கிறீன்பிளாற் என்பவரது முயற்சியால், லிஸ்பை இயக்குவதற்கென்றே அமைந்த தனிக் கணினி ஒன்று உருவாகி வந்தது. ஆய்வுகூடத்தில் ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்துத் திருத்துவார். திருத்தியது எல்லோருக்கும் உரியதாகும். ஓர் ஊரிற் பொதுக் கிணறு இருப்பது போல இவ்வழக்கம் எவரும் எழுதி வைக்காமலே நிலவிற்று. அக்கணினியை விற்பதற்காக 1979இலும் 1980இலும் இரண்டு கம்பனிகள் எழுந்தன. அவற்றுள் ஒன்றாகிய சிம்பொலிக்ஸ், ஆய்வுகூடத்தின் செய்நிரலாளருள் பெரும்பாலோரை வேலைக்கமர்த்திக்கொண்டது. 1982இல், தான் செய்யும் திருத்தங்களை நிறுவகம் பயன்படுத்தலாம். போட்டிக் கம்பனிக்கு அவை சென்று சேரக்கூடாது என்று அது நிபந்தனை விதித்தது. நேற்று வரை ஒரே கிணற்றில் நீர் அள்ளியோர் இன்று கயிற்றுக்குக் கணக்குக் கேட்டனர்.

ஆய்வுகூடத்தில் எஞ்சியிருந்தோருள் ஒருவரான றிச்சாட் ஸ்ரோல்மன், சிம்பொலிக்ஸ் சேர்த்த வசதிகளை 1983 இறுதி வரை தாமே மீள எழுதிப் பொதுக் கிணற்றில் இட்டு வந்தார். தனி ஒருவர் எத்தனை காலம் அவ்வாறு செய்ய இயலும்? நல்லெண்ணத்தில் நிற்கும் பொதுவுடைமை, முதற் கொள்வனவாளன் வந்ததும் சரிந்துவிடும் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. 1983 செத்தெம்பரில், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள முழுமையான ஒரு கணினி அமைப்பை ஆக்கப்போவதாக அவர் அறிவித்தார். அதுவே குனூ திட்டம். 1985இல் வெளிவந்த குனூ ஈமக்ஸ் அதன் முதற் கனிகளுள் ஒன்று. பார்வைக்கு அது எழுத்துகளைப் பதித்துத் திருத்தும் கருவி. உள்ளே பெரும்பகுதி லிஸ்பினால் ஆனது. அதனைப் பயன்படுத்துவோன் அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் நடத்தையை மாற்றிக்கொள்ளலாம்.

1989இல் எழுதப்பட்ட குனூ பொது உரிமம் அத்திட்டத்தின் கூரிய ஆயுதம். பதிப்புரிமைச் சட்டத்தை அது ஒழிக்கவில்லை. அச்சட்டத்தைக் கொண்டே பொதுவுக்குக் காவல் இட்டது. எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய்; ஆனால் நீ பெற்ற அதே உரிமைகளை, மூலநிரலோடு, உன்னிடமிருந்து பெறுவோனுக்கும் கொடு என்பது அதன் சாரம். குளத்தில் நீர் எடுக்கலாம், குளத்தைச் சுற்றி மதில் கட்டலாகாது.

சிம்பொலிக்ஸ் என்னவாயிற்று? 1985 மார்ச் 15ஆம் திகதி, இணையத்திலே வாணிப முகவரிகளுக்குரிய 'டொட் கொம்' என்னும் பின்னொட்டுடன் முதன்முதற் பதிவான பெயர் அந்நிறுவனத்தினுடையதே. 1993இல் அது வங்குரோத்தடைந்தது. நேர்மையாகக் கூறின், பூட்டு அதனைக் கொல்லவில்லை. 1980களின் பிற்பகுதியில் மலிவான பொதுக் கணினிகள் வேகம் பெற்றன. செயற்கை நுண்மதி மீதிருந்த வணிக மயக்கமும் கலைந்தது. ஐம்பதாயிரம் டொலரைத் தாண்டிய தனிக் கணினிகளை வாங்குவார் இல்லாது போயினர். கம்பனிகள் பிறக்கும், இறக்கும். அது சந்தையின் இயல்பு. ஆனால் கம்பனி இறந்தபோது, அதன் ஊழியர் பல்லாண்டு உழைத்து ஆக்கிய ஜெனெரா என்னும் இயங்குதளமும் உடன்கட்டை ஏறியதே, அதற்குக் காரணம் பூட்டு. கண்டோர் இன்றும் வியந்து பேசும் ஆக்கம் அது. எனினும் அதனைத் தொடர்ந்து வளர்க்கும் உரிமை எந்த மாணவனுக்கும் இல்லை. ஈமக்ஸோ இன்றும் வளர்கின்றது.

உடைமையே ஊக்கம் தரும் என்போருக்கு எமது முதல் மறுமொழி இதுவாகும். உடைமை ஊக்கம் தரலாம், ஆயுள் தருவதில்லை. உடையவன் வீழும்போது உடைமையும் புதையுண்டு போகின்றது.

இதனினும் தெளிந்த சான்று ஒன்று உண்டு. 1968இல் அதே நிறுவகத்தில் மக்சைமா என்னும் கணிதச் செய்நிரல் ஒன்றை லிஸ்பில் எழுதத் தொடங்கினர். எண்களைக் கொண்டு மாத்திரமன்றி, எழுத்துக் குறியீடுகளைக் கொண்டே காரணிப்படுத்தவும் வகையிடவும் தொகையிடவும் சமன்பாடுகளைத் தீர்க்கவும் வல்லது அது. அமெரிக்கச் சக்தித் திணைக்களம் உள்ளிட்ட அரச அமைப்புகள் அதற்குப் பணம் அளித்தன. 1982இல் அதன் வாணிப உரிமை கைமாறி, நாம் மேலே கண்ட அதே சிம்பொலிக்ஸிடம் சென்றது. பொதுப் பணத்தில் முளைத்த மரத்தின் கனிக்கு ஒரு கம்பனி விலை கூறிற்று. 1992இல் அச்செய்நிரலை விற்பதற்கென்றே தனி நிறுவனம் தோன்றியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதுவும் ஓய்ந்தது.

ஆயின் 1982இன் ஒரு பிரதி சக்தித் திணைக்களத்தின் வழியாகத் தப்பியிருந்தது. ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் வில்லியம் ஷெல்ரர் அப்பிரதியை அவ்வாண்டு முதல் பேணி வந்தார். அதனை இயக்குவதற்கு ஒரு நல்ல லிஸ்ப் வேண்டியிருந்தது. ஜப்பானில் கியோத்தோப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் இருவர் 1984இல் ஆக்கிய கொமன் லிஸ்ப் ஒன்றை அவர் எடுத்து விரிவாக்கினார். கியோத்தோவில் எழுதப்பட்டது ரெக்சாஸில் திருத்தப்பட்டு மசாசூசெற்ஸின் கணிதத்தைச் சுமந்தது. 1998இல் சக்தித் திணைக்களத்திடம் அனுமதி பெற்று, தாம் பேணிய வடிவத்தைக் குனூ பொது உரிமத்தின் கீழ் மக்ஸிமா என்னும் பெயரால் வெளியிட்டார். 2001இல் ஷெல்ரர் காலமானார். பூட்டிய பெட்டியாக இருந்திருப்பின் கதை அத்துடன் முடிந்திருக்கும். மூலநிரல் பொதுவாக இருந்தமையால், பல நாட்டுத் தொண்டர் அதனைக் கையேற்றனர். இன்று எந்தப் பாடசாலை மாணவனும் மக்ஸிமாவைப் பெற்றுக்கொள்ளலாம். அதன் தாய்வழி வாணிப வடிவத்தை வாங்க விரும்பினாலும் விற்பார் இல்லை.

சுவடி ஆய்வைக் கற்ற எமக்கு இவ்விடத்தில் சி. வை. தாமோதரம்பிள்ளை நினைவுக்கு வருகின்றார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த அப்பெருமகன் கலித்தொகையை 1887இல் அச்சேற்றுவதற்கு முன், ஏடுகளைத் தேடி அலைந்த துயரத்தைத் தம் பதிப்புரையிலே பதிந்துள்ளார். தொட்டவுடன் ஒடியும் ஏடு, செல்லரித்த ஏடு, உடையவர் காட்ட மறுத்த ஏடு. ஏட்டை வைத்திருந்தவர் பலர் அதனைப் போற்றியே வைத்திருந்தனர். பட்டுத் துணியிற் சுற்றிப் பூசையும் செய்தனர். பூசை செல்லைத் தடுக்கவில்லை. படியெடுத்துப் பரப்பியதே காத்தது. ஷெல்ரர் செய்ததும் ஒரு பதிப்பாசிரியரின் பணியே. தாம் ஆக்காத நூலை, தமக்குப்பின் வருவோருக்காக, பிழை நீக்கிப் பேணினார்.

இதுவரை கூறியது வலப்புறத்தாருக்கு. இனி எமது அணிக்குள்ளேயே சில கசப்பான உண்மைகளைக் கூற வேண்டியுள்ளது. ஏனெனில் மூலநிரலைத் திறந்துவிட்டாற் புரட்சி முடிந்துவிட்டது என்று கொண்டாடும் இலட்சியவாதிகளும் எம்மிடையே உள்ளனர்.

1998இல், மக்ஸிமா விடுதலை பெற்ற அதே ஆண்டில், 'திறந்த மூலம்' என்னும் பெயர் முன்வைக்கப்பட்டது. அதற்கு முன்னர் வழங்கிய பெயர் 'சுதந்திர மென்பொருள்'. சுதந்திரம் என்ற சொல் முதலீட்டாளரை அச்சுறுத்துகின்றது, ஆகவே திறந்து வைத்தால் தரம் உயரும், செலவு குறையும் என்று நயமாகக் கூறுவோம் என்பது பெயர் மாற்றியோரின் எண்ணம். உரிமைப் பிரச்சினை உற்பத்தி முறைப் பிரச்சினையாக மாற்றப்பட்டது. தொழிற்சங்கத்தை நலன்புரிச் சங்கம் என்று பெயர் மாற்றுவதற்கு ஒப்பானது இது. கூட்டம் நடக்கும், தேநீரும் கிடைக்கும், கோரிக்கை மாத்திரம் காணாமற் போய்விடும்.

இதன் விளைவை லிஸ்ப் குடும்பத்துக்குள்ளேயே காணலாம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அரச நிதியுடன் வளர்ந்த கொமன் லிஸ்ப் ஒன்றுக்கு 1994இல் நிதி வற்றிற்று. தொண்டர்கள் அதனைக் காத்தனர். 1999இல் அதிலிருந்து பிரிந்த ஒரு கிளைக்கு 'ஸ்ரீல் பாங்க்' என்று பெயரிட்டனர். எஃகு முதலாளி கார்னகியும் வங்கி முதலாளி மெலனும் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தனர் அல்லவா? அவர்கள் செல்வத்தின் ஊற்றுகளாகிய எஃகையும் வங்கியையுமே பெயராக்கிய எள்ளல் அது. எள்ளல் நன்று. ஆனால் வரலாறும் எள்ளத் தெரிந்தது. விமானப் பயணக் கட்டணங்களைத் தேடித் தரும் ஒரு பெரும் செய்நிரலை ஐ.ரி.ஏ. என்னும் நிறுவனம் கொமன் லிஸ்பில் எழுதியது. அது இக்குடும்பத்துப் பொது ஆக்கங்களின் மேல் நின்றே இயங்கிற்று. 2011இல் கூகிள் அந்நிறுவனத்தை 700 மில்லியன் டொலருக்கு வாங்கியது. பின்னர் அங்கு பணியாற்றிய பொறியியலாளர் சிலர் தம் திருத்தங்களைப் பொதுவுக்குத் திரும்ப அளித்தனர் என்பதையும் மறைக்கலாகாது. ஆனால் அது அவர்களின் விருப்பம், கடமையன்று. அந்த லிஸ்பின் உரிமத்தில் மதிலைத் தடுக்கும் விதி இல்லை. எடுத்தவன் கொடுத்தாற் கொடை. கொடாவிட்டாற் கேட்பார் இல்லை. பொதுவுடைமைக்கும் கேட்பாரற்ற உடைமைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

குளோஜர் மொழியை ஆக்கிய றிச் ஹிக்கி 2018இல் எழுதிய கட்டுரையொன்று இவ்விவாதத்தில் எடுத்துக்கொள்ளத் தக்கது. திறந்த மூலம் என்பது ஓர் உரிமமும் வழங்கும் முறையும் மாத்திரமே. இலவசமாகப் பெற்றவருக்கு ஆக்கியவரின் நேரத்தின் மீதோ முடிவுகளின் மீதோ எவ்வித உரித்தும் இல்லை என்பது அவர் வாதம். தம் சொந்தச் சேமிப்பைச் செலவிட்டு அம்மொழியை ஆக்கியவர் அவர். நன்றி கெட்ட கோரிக்கைகளால் மனம் நொந்த ஓர் உழைப்பாளியின் குரலாக அதனை நாம் மதிக்கின்றோம். இலவசமாகப் பெற்றதாலேயே ஆக்கியவனை ஏவலாளாகக் கருதுவது சுரண்டலின் இன்னொரு வடிவம். அதனை இடதுசாரி செய்தாலும் அது சுரண்டலே.

ஆனால் அவர் முடிவை நாம் ஏற்கவில்லை. ஒரு மொழியை நம்பிப் பல்லாயிரவர் தம் உழைப்பை அதன்மேல் அடுக்கிய பின்னர், அது ஆக்கியவரின் தனிக் கொடையாக மாத்திரம் நில்லாது. 2020இல் அவர் பணியாற்றிய நிறுவனத்தைப் பிரேசில் நாட்டின் நூபாங்க் என்னும் வங்கி வாங்கியது. மொழியின் உரிமம் மாறவில்லை, உண்மை. ஆயினும் மொழியைப் பேணுவோரின் ஊதியம் எவர் கையிலிருந்து வருகின்றதோ, அவர் தேவையே முதலிற் கேட்கப்படும் என்பதை அறிய மார்க்ஸைப் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு முறை கூலி வேலை செய்திருந்தாற் போதும். உரிமம் ஏட்டைக் காக்கும். ஏட்டைப் படியெடுப்போனின் வயிற்றை உரிமம் நிரப்பாது. அவ்வினாவுக்கு விடை காணாத எந்தச் சுதந்திரமும் பாதிச் சுதந்திரமே. பல்கலைக்கழகங்களும் அரசுகளும் பாடசாலைகளும் நிதியாலும் ஆளாலும் பங்கேற்றாலன்றி, பொதுக் கிணற்றைத் தூர்வாரும் வேலை சில தனியரின் இரவுத் தூக்கத்திலிருந்தே கழிக்கப்படும்.

இன்னுமொரு நோய் தனிமனித வழிபாடு. ஸ்ரோல்மன் செய்த பணியை மேலே கூறினோம். அதனால் அவர் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவராகார். 2019இல், பாலியற் குற்றச்சாட்டு ஒன்றின் தொடர்பில் அவர் எழுதிய கருத்துகள் பெருங் கண்டனத்தை எழுப்பின. அவர் நிறுவகத்திலிருந்தும், தாம் தாபித்த சுதந்திர மென்பொருள் அமையத்தின் தலைமையிலிருந்தும் விலகினார். 2021இல் அவ்வமையத்தின் சபைக்கு அவர் மீண்டமை மறுபடியும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2019 ஒக்ரோபரில் குனூ திட்டத்தின் ஆக்கங்களைப் பேணுவோர் பலர் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டனர். அவர் பணியை நன்றியுடன் ஏற்று, ஆனால் பெண்கள் உட்படப் பலரை அந்நியப்படுத்தும் நடத்தையால் இயக்கத்தின் குறிக்கோளே சிதைகின்றது, திட்டத்தின் எதிர்காலத்தைப் பலர் கூடியே தீர்மானிக்க வேண்டும் என்று அவர்கள் கூறினர். அவ்வறிக்கை வெளிவந்த இடம் குயிக்ஸ் என்னும் திட்டத்தின் ஏடு. தந்தையைப் பேணுவோம், தந்தையின் தவறைப் பேணமாட்டோம் என்று பிள்ளைகள் கூறினர். வழிபாட்டைக் காட்டிலும் இது இயக்கத்துக்குக் கூடுதலான உயிர் தந்தது என்பது எமது கருத்து.

குயிக்ஸும் லிஸ்ப் குடும்பத்ததே. 2012இல் தொடங்கிய அத்திட்டம் ஒரு கணினியின் மென்பொருள் முழுவதையும் ஸ்கீம் மொழியில் எழுதிய வரையறைகளிலிருந்து கட்டியெழுப்புகின்றது. அதன் ஆக்குநர் ஓர் அடிப்படை ஐயத்தை எழுப்பினர். மூலநிரலை நாம் படிக்கின்றோம். ஆனால் அதனை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியை யார் மாற்றித் தந்தார்? அதற்கு முந்திய தொகுப்பி. அதனை? இவ்வாறு பின்னோக்கிச் சென்றால், ஓரிடத்தில் எவரும் படித்தறிய முடியாத ஒரு பெட்டியை நம்பியே ஆக வேண்டியிருந்தது. பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்து, 2023இல் அந்த நம்பிக்கையின் அளவை 357 பைற்றுகளாகக் குறைத்தனர். ஒரு பக்கத்தில் அடங்கும் அச்சிறு வித்திலிருந்து, படிப்படியாக, படிக்கத்தக்க மூலநிரலைக் கொண்டே ஏனைய அனைத்தும் எழுகின்றன. எந்தச் சந்தை இதற்குக் கூலி கொடுக்கும்? விற்க முடியாத, ஆனால் எல்லோருக்கும் வேண்டிய உழைப்பு இது. ஓய்வு நேர விளையாட்டு என்று எள்ளியவர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இனி எமது வகுப்பறைக்கு வருவோம். 2022இல் எமது நாட்டின் ரூபாய் சரிந்து, டொலரின் விலை சில வாரங்களுள் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 350 ரூபாயைத் தாண்டியது. டொலரில் விலை கூறும் மென்பொருளுக்கு எந்தப் பாடசாலை பணம் கட்டும்? கட்டவில்லை, அதற்கு முன்னரும் கட்டியதில்லை. நாம் அறிந்த கணினி அறைகள் பலவற்றில் இருப்பவை களவுப் பிரதிகள். ஒழுக்கம் கற்பிக்கும் கூடத்திலே களவை நாளாந்தப் பழக்கமாக்கி, எதிர்காலத்தில் அதே கம்பனிகளுக்கு வாடிக்கையாளரையும் இலவசமாகப் பயிற்றிக் கொடுக்கின்றோம்.

உயர்தர வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கும் எமது நண்பர் ஒருவர் ஒருநாள் மக்ஸிமாவைத் தம் மாணவருக்குக் காட்டினார். நாமும் அங்கிருந்தோம். அவர்கள் ஒரு பக்கம் நிரப்பித் தொகையிட்ட கோவையை அது கணப்பொழுதில் தொகையிட்டது. வியப்படங்கியதும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சேர், இதுக்குக் காசு கட்டேல்லையெண்டால் இதுவும் களவுதானே?"

அவ்வினா எம்மைத் தாக்கிற்று. காசு கொடாது பெறுவதெல்லாம் ஒன்றில் களவு, அன்றேல் பிச்சை என்ற எண்ணத்தைப் பதினேழு வயதுப் பிள்ளையின் உள்ளத்தில் எவர் விதைத்தார்? நாமும்தான். பொதுவில் உரிமை உண்டு, ஆகவே பொதுவுக்குக் கடனும் உண்டு என்னும் மூன்றாவது உறவை நாம் அவளுக்குக் காட்டவே இல்லை. நண்பர் அவளுக்கு ஷெல்ரரின் கதையைக் கூறினார். மூலநிரலைத் திறந்து, தொகையிடும் பகுதியைத் திரையிற் காட்டினார். அடைப்புக்குறிகள் நிறைந்த அப்பக்கம் அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் தன்னிடம் அது மறைக்கப்படவில்லை என்பது விளங்கிற்று.

ஈமக்ஸிலே ஒரு சிறு கோப்பு உண்டு. பல மொழிகளில் முகமன் கூறுவது அதன் வேலை. 1997இல் ஜப்பானிய ஆய்வாளரின் பணியினால் பன்மொழி எழுத்துகளைக் கையாளும் ஆற்றல் ஈமக்ஸில் இணைந்தது. அம்முகமன்களின் வரிசையில் பின்னர் எமது 'வணக்கம்' என்ற சொல்லும் இடம்பெற்றது. எவரிடமும் நாம் விண்ணப்பிக்கவில்லை. எந்தச் சந்தை மதிப்பீடும் தமிழருக்கு இலாபமுண்டு என்று சான்று வழங்கவில்லை. பொதுக் கிணற்றில் எமக்கும் ஒரு வாளி வைக்கப்பட்டது. வணக்கம் என்று கூறியபின் உரையாடலைத் தொடர்வது எமது பொறுப்பு.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. கணினி அறையில் அடுத்த களவுப் பிரதியை நிறுவுவதற்கு முன், அதே வேலையைச் செய்யும் பொது ஆக்கம் உண்டா என்று கேளுங்கள். மக்ஸிமாவின் கைநூலை ஸ்பானியத்திலும் போர்த்துக்கேயத்திலும் ஜேர்மனிலும் பெயர்த்தோர் உம்மையும் எம்மையும் போன்றோரே. ஒரு பாடத்தைத் தமிழாக்குவதற்கு நாம் எவர் அனுமதியையும் பெற வேண்டியதில்லை. பிழை கண்டால் எழுதி அறிவியுங்கள். கற்பித்தலுக்கென நீங்கள் ஆக்கும் குறிப்புகளை ரியூற்றறிகளின் பெட்டிக்குள் விற்காது பொதுவில் வையுங்கள். பொதுப் பணத்தில் ஆக்கப்படும் மென்பொருள் பொதுவுக்கே உரியது என்னும் கோரிக்கையை எமது சங்கங்களின் தீர்மானங்களிற் சேருங்கள். பொது ஆக்கங்களைப் பேணுவோருக்கு ஊதியம் வேண்டும் என்பதையும் அதனோடு சேருங்கள்.

அம்மாணவி மறுவாரம் நண்பரிடம் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். மக்ஸிமாவின் கைநூலில் முதற் பக்கத்தைத் தமிழிற் பெயர்த்திருந்தாள். பிழைகள் இருந்தன. நாம் திருத்திக் கொடுத்தோம். இரண்டாம் பக்கத்தை அவள் தொடங்கிவிட்டாள்.